ஒரே பி.எல்.எஸ்.

அவருக்கு முன்பே அவருடைய வலது தோள் எழுந்துவிடும். முதலில் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு குடைச்சல். அது கையில் இறங்கி, முழங்கையைத் தாண்டி, சுண்டுவிரலில் போய் மரத்து நிற்கும். ஒருக்களித்தால் குத்தும். மல்லாந்தால் பிடரியில் இருக்கும் திமில் தலையணையில் இடிக்கும். வருஷக்கணக்கில் மூட்டை உட்கார்ந்து உட்கார்ந்து எழும்பிய சதை அது. கிடங்கில் எல்லோருக்கும் கொஞ்சம் உண்டு. இவருக்கு ஒரு கைப்பிடிக்கு மேலேயே இருக்கும். அதனால் ஒட்டகம் என்று பெயராகிவிட்டது. வீட்டுச் சொந்தக்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார், மருந்துக்கடைக்காரரும் அப்படித்தான். மனைவி ஒட்டகத்தம்மா.

"கையைத் தூக்குங்க, சட்டைய மாட்டணும்."

"தூக்க முடிஞ்சா உன்னை ஏன் கூப்பிடறேன்?"

"வாய் மட்டும் நல்லாத் தூக்குது. இந்தப் பக்கம் சாயுங்க."

அவள் சட்டையின் வலது கையை முதலில் செருகி, பிறகு முதுகோடு இழுத்து, இடது கையை உள்ளே விட்டாள். கைக்குழந்தைக்குப் போடுகிற மாதிரி. அவருக்கு அந்த நேரம் மட்டும் சுவரைப் பார்க்கத் தோன்றும். சுவரில் மழை ஓதம் ஏறி, சுண்ணாம்பு பொரிந்து நின்றது. மழை விட்ட மாதிரி இருக்கும், பிறகு நினைத்துக்கொண்ட மாதிரி அடிக்கும்.

அந்த மழைதான் அவரைப் படுக்கப் போட்டது. லாரிக்கும் கிடங்கு வாசலுக்கும் நடுவே போட்டிருந்த பலகை நனைந்து கிடந்தது. அரிசி மூட்டையோடு நடுப்பலகையில் கால் வழுக்கியது. மூட்டையை விட்டுவிட்டு விழுந்திருந்தால் இடுப்பில் ஒரு அடியோடு போயிருக்கும். மூட்டை கிழிந்தால் அசிங்கம் என்று அதைப் பிடித்துக்கொண்டே விழுந்தார். தோளுக்குள் ஏதோ துணி கிழிகிற சத்தம் கேட்டது என்று பிறகு சொன்னார். டாக்டர் தொட்டுப் பார்த்து, "நாரு கிழிஞ்சிருக்கு. மழைக்காலம் முடியட்டும், பாப்போம்" என்றார். என்ன பார்ப்போம் என்று அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

ஆனாலும் வீட்டில் உலை கொதித்துக்கொண்டுதான் இருந்தது. அது கொக்கியின் புண்ணியம்.

சுமைக்காரர்களின் கொட்டகைச் சுவரில் ஒரு நீளப் பலகை உண்டு. பலகை நிறைய ஆணிகள். ஒவ்வொருவனும் மூட்டையைக் குத்தி இழுக்கிற தன் இரும்புக் கொக்கியை வேலை முடிந்ததும் தன் ஆணியில் மாட்டிவிட்டுப் போவான். தன் கையால், சுமை தூக்குகிற கையால் மாட்ட வேண்டும். வேலையில் அடிபட்டு ஒருவன் படுத்துவிட்டால் அவன் கொக்கியை யாரும் தொடக்கூடாது. அது தொங்குகிற வரைக்கும் அவன் வேலையில் இருப்பவன். அவன் சுமக்க வேண்டிய நடைகளை மற்றவர்கள் பங்கு போட்டுத் தூக்குவார்கள். சாயங்காலம் கூலியைப் பிரிக்கும்போது அவனுக்கும் ஒரு பங்கு ஒதுங்கும். செத்துப்போனாலோ, வேலையே வேண்டாம் என்று போனாலோ, அவன் வீட்டு ஆள் வந்து கொக்கியை இறக்கிக்கொண்டு போக வேண்டும். அந்தக் கை பட்டால் கணக்கு முடிந்தது.

எழுதி வைத்த சட்டம் இல்லை. சங்கத்தைத் தொடங்கியவர்கள் வைத்த வழக்கம். தொடங்கியவர்களில் இன்னும் மூட்டைக்குக் குனிந்துகொண்டிருந்தவர் ஒட்டகம் ஒருவர்தான். சங்கத்துக்குப் பேர் வைத்தவர் ஒரு ரயில்வே குமாஸ்தா. போர்ட்டர்ஸ் லேபர் சொசைட்டி என்று எழுதிக் கொடுத்தார். யாருக்கும் வாயில் நுழையவில்லை. பி.எல்.எஸ். என்று சுருக்கிக் கொட்டகை நெற்றியில் சிவப்பு எழுத்தில் எழுதினார்கள்.

அப்போது ஊரில் அந்த மூன்று எழுத்து வேறு யாருக்கும் கிடையாது. பிறகு பஸ் நிலையத்துக்குப் பின்னால் ரத்தம் சோதிக்கிற கடை ஒன்று வந்தது, பி.எல்.எஸ். லேப். முதலாளியின் மூன்று பிள்ளைகளுடைய முதல் எழுத்தாம். அப்புறம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற பி.எல்.எஸ். கடைசியில், கிடங்கு முதலாளியின் மருமகன் மாடியில் கண்ணாடி அறை கட்டித் திறந்த வானொலி. அதற்கும் பி.எல்.எஸ். பீப்பிள்ஸ் லோக்கல் சர்வீஸ் என்று விளக்கம் சொன்னார்கள்.

ஆரம்பத்தில் எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. ஒரு நாள் ஓர் அம்மாள் சின்ன பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கொட்டகைக்குள் வந்து, "ரிசல்ட் எப்ப கிடைக்கும்?" என்று கேட்டாள். "மூட்டையா இருந்தா இப்பவே தூக்கிச் சொல்லிருவோம்மா, இதுக்கு நீங்க பின்னாடி தெருவுக்குப் போகணும்" என்றான் சுமைக்காரன் நெட்டையன். வானொலிக்குப் பாட்டுக் கேட்டு எழுதிய கார்டுகள் கொட்டகைக்கு வரும். மாமியாருக்குப் பிறந்தநாள், அத்தை மகனுக்குக் கல்யாணம், இந்தப் பாட்டைப் போடுங்கள் என்று. சுமைக்காரர்கள் அதை வீணாக்கியதே இல்லை. மூட்டைகளை அட்டியாக அடுக்கும்போது நெட்டையன் கார்டை உரக்க வாசிப்பான், கேட்ட பாட்டை எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள். மாமியாருக்குக் கேட்டிருக்காது, ஆனால் மூட்டை லேசாகும்.

சிரிப்பு நின்றது சுமைக்காரர்களின் போன வேலைநிறுத்தத்தின்போது. "பி.எல்.எஸ். முடங்கியது" என்று பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போட்டார்கள். வானொலிக்கு விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்த ஜவுளிக்கடைக்காரர்கள் நிலையம் மூடிவிட்டது என்று ஒதுங்கிக்கொண்டார்கள். மருமகன் மாமனாரிடம் போய் நின்றான். மாமனார் சங்கச் செயலாளரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

செயலாளர் ஒட்டகத்தம்மாவின் தம்பி. பேர் பேனா. மூட்டை தூக்கிய காலத்திலேயே சட்டைப்பையில் பேனா வைத்திருந்தவன். வியர்வையில் மை கசிந்து மார்பு நீலமாக இருக்கும். அவனுக்கு ஒரு மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, இருமினால் ரத்தம் வந்தது. வழக்கப்படி அவன் கொக்கி தொங்கியது. ஆனால் அந்த வருஷம் லாரி வரத்தே குறைவு. அவன் நடைகளையும் பிரித்துத் தூக்க மற்றவர்கள் முனகினார்கள். "யாரும் தூக்க வேணாம், நான் தூக்கறேன்" என்று சொல்லிவிட்டார் ஒட்டகம். அந்த மழைக்காலம் முழுக்கத் தன் மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்ப வந்து மச்சினனின் மூட்டைக்குக் குனிந்தார். திமில் கைப்பிடிக்கு மேல் போனது அந்த வருஷம்தான். பேனா பிழைத்து எழுந்தான். பிறகு மூட்டையைத் தொடவில்லை, செயலாளராகிவிட்டான்.

அன்று காலை அவன் முட்டையும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்தான். குடையை வாசலில் உதறிவிட்டு, "மாமா, எப்படி இருக்கு தோளு?" என்றான்.

"தோளா? அது இருக்கறதுதான் தெரியுதே, நல்லாத் தெரியுது. நீ உக்காரு மச்சான். டீ போடச் சொல்லவா?"

"அக்கா வேலைக்குக் கிளம்பறா, அவளை ஏன் நிக்க வைக்கறீங்க? நான் சும்மா எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். பாப்பா எங்க?"

"ரேடியோவுக்குத்தான் போயிருக்கு. விடியறப்பவே வண்டி வந்துருச்சு."

மகள் வானொலியில் சேர்ந்து ஒரு வாரம்தான். அதற்கு முன் செல்போன் கடையில் கவர் மாட்டிக்கொண்டிருந்தாள். இப்போது காலையில் மழை நிலவரமும் மதியம் சந்தை வரத்தும் வாசிக்கிறாள்.

"நல்லா வாசிக்கறா மாமா. முதலாளியே சொன்னாரு. யாரு வீட்டுப் பொண்ணுன்னாரு. எங்க மாமா பொண்ணுன்னேன்."

"எனக்கு எங்கே இந்தக் குரல்? நான் பேசுனா லாரி ரிவர்ஸ் எடுக்கற மாதிரி இருக்கும்."

ஒட்டகத்தம்மா சிரித்தாள். சாக்குப் பையையும் முறத்தையும் எடுத்துக்கொண்டாள். அவள் அதே கிடங்கில்தான், மூட்டைப் பொத்தலில் சிந்துகிற தானியத்தைக் கூட்டிப் புடைத்துக் கொடுக்கிற வேலை.

"கொட்டகைல என்ன விசேஷம்?" என்று கேட்டார் ஒட்டகம்.

"என்ன இருக்கு? சுவரெல்லாம் பாசி புடிச்சுக் கிடக்கு. இன்னிக்கி சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிருக்கேன்."

"மழையில எவனாவது சுண்ணாம்பு அடிப்பானா?"

"உள்பக்கம்தான் மாமா."

"அடிங்க. பலகையை மட்டும் தொடாம அடிக்கச் சொல்லு."

"அதை யாரு தொடுவா?" என்றான் பேனா. சொல்லிவிட்டுக் குடையை எடுத்தான். அக்காவும் தம்பியும் ஒரே குடையில் போனார்கள்.

மதியம் அவர் இடது கையால் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டு மகளுடைய குரலுக்காகக் காத்திருந்தார். அலமாரியில் சின்ன ரேடியோ. முதலில் ஒரு மெத்தைக் கடை விளம்பரம், பிறகு அவள். வெங்காயம் வரத்து அதிகம், உருளை சுமார், பருப்பு லாரிகள் மழையால் தாமதம். கடைசியில் ஒரு வரி புதிதாக இருந்தது.

"நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது உங்கள் ஊரின் ஒரே பி.எல்.எஸ்."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். பிறகு தனக்குத்தானே, "ஒரேயா? ரத்தக்கடைக்காரன் ஊசியோட வரப்போறான்" என்று சிரித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அந்த வரி மறுபடி வந்தது. அப்போது சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் ஆனதும் வாசல் பக்கம் பார்த்து உட்கார்ந்தார். வேலை முடிந்து போகிற வழியில் நெட்டையனும் இன்னொரு சுமைக்காரன் சர்க்கரையும் அவர் பங்கைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒரு டீ குடித்து, கிடங்குக் கதை நாலு பேசிவிட்டுப் போவது வாடிக்கை. அந்த டீ நேரத்துக்காகத்தான் அவர் நாளெல்லாம் படுத்துக்கிடந்தார். இன்று தெருவில் சுமைக்காரர்கள் கூட்டமாகப் போனார்கள். ஈரத் தெருவில் செருப்புச் சத்தம் கேட்டது. நெட்டையனின் தலை வேலிக்கு மேலே தெரிந்தது. அது இந்தப் பக்கம் திரும்பாமலே நகர்ந்து போனது. எல்லோர் உடம்பிலும் ஒரே மாதிரி புது நீலச் சட்டை.

"டேய் நெட்ட!"

மழை அவ்வளவு பெரிதாக ஒன்றும் பெய்யவில்லை. கேட்டிருக்கும்.

ஒட்டகத்தம்மா வந்தபோது தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்தாள். பையிலிருந்து கூட்டிப் புடைத்த தானியத்தைப் பானையில் கொட்டினாள். பிறகு ஒரு நீலச் சட்டையை எடுத்தாள், மடிப்புக் கலையாதது.

"இந்தாங்க. எல்லாருக்கும் குடுத்தாங்க. உங்களுக்கும் தம்பி குடுத்தான். துணி நல்ல துணி."

சட்டைக்குள் கனமாக ஏதோ இருந்தது. அவர் இடது கையால் விரித்தார். கொக்கி. மரப்பிடியில் அவர் உள்ளங்கை தேய்த்த பள்ளம். அவள் அதற்கு எண்ணெய்கூடத் தடவியிருந்தாள்.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"பலகைக்குப் பெயிண்ட் அடிக்கணுமாம். எல்லாரும் அவங்கவங்களதை எடுத்துட்டாங்க. உங்களது மட்டும் தொங்குச்சு. பெயிண்டர் எடுக்க வந்தான். தம்பிதான் அவனைத் திட்டுனான், 'மாமா கொக்கியை நீ தொடுவியாடா'ன்னு. 'அக்கா, உன் கையால எடு, அதான் மரியாதை'ன்னான். துரு ஏறிக் கிடந்துச்சு, அதான் துடைச்சு…"

"நீ எறக்குனியா?"

"நான்தான்."

"எல்லாரும் பாத்தாங்களா?"

"எல்லாரும் நின்னுட்டு இருந்தாங்க. ஒருத்தனும் பேசல. எனக்கே ஒரு மாதிரி…" அவள் குரல் பாதியில் நின்றது. முகம் மாறியது. அவள் அப்பா செத்தபோது அவர் கொக்கியை இறக்கப் போனவள் அவள்தான். இந்தக் கைதான். "ஐயோ. பெயிண்டுக்குன்னுதானே சொன்னான்? அடிச்சதும் திருப்பி மாட்டிடலாம்னான்."

"யாரு மாட்டறது?"

அவள் அவர் வலது கையைப் பார்த்தாள். அது மடியில் ஈரத்துணி மாதிரிக் கிடந்தது.

"வாயைத் தொறந்து ஒரு வார்த்தை, 'அவரைக் கேட்டுட்டு எடுக்கறேன்'னு…"

"என் தம்பிங்க அவன். அவன்கிட்ட நான் எதைக் கேட்டு எதைச் செய்யணும்? நீங்க அவனுக்கு முதுகு குடுத்தப்ப என்னைக் கேட்டீங்களா?"

அதற்கு மேல் அவரால் அவளைத் திட்ட முடியவில்லை. அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள், அணைத்தாள், மறுபடி பற்ற வைத்தாள்.

மகள் வந்தது நன்றாக இருட்டுவதற்கு முன். கையில் நிலையத்தில் கொடுத்த பிஸ்கட் பொட்டலம். வீட்டு அமைதியைப் பார்த்து வாசலிலேயே நின்றாள்.

"என்னம்மா?"

"'ஒரே பி.எல்.எஸ்.'னு சொன்னியே, அது யாரு எழுதிக் குடுத்தது?" என்று கேட்டார் அப்பா.

"மேனேஜர். இன்னிக்கிலேருந்து சொல்லணும்னாரு. சங்கம் பேரை மாத்திக்கிச்சாமே? மாமாதான் பேசி முடிச்சாராம். லேப்காரங்களும் டிரைவிங் ஸ்கூலும் நம்ம பேச்சைக் கேட்டுப் பேரை மாத்த மாட்டாங்க, ஆனா அவங்க பேரு பேப்பர்ல வர்றதில்ல, பரவால்லன்னாங்க." அவள் நிறுத்தினாள். "உங்களுக்குத் தெரியாதாப்பா?"

"இப்பத் தெரியுது."

"ஒரே ஒருத்தர் கொக்கி மட்டும்தான் தடை, அது எறங்குனா பழைய போர்டை எடுத்துடலாம்னு நேத்து பேசிட்டிருந்தாங்க. கொக்கின்னா என்ன சாருன்னு அங்க ஒருத்தர் கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும்…" அவள் பிஸ்கட்டைக் கீழே வைத்தாள். "அது உங்களுதுன்னு எனக்குத் தோணவே இல்லப்பா."

"உனக்கு அந்த வேலை எப்படிக் கிடைச்சுது?"

"குரல் டெஸ்ட் வெச்சாங்க."

"எத்தனை பேரு வந்தாங்க?"

அவள் யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் கழுத்து சிவந்தது. "நான் மட்டும்தான் இருந்தேன். மத்தவங்களுக்கு வேற நாள்னு சொன்னாங்க. என் குரல் நல்லா இருக்குன்னாங்கப்பா."

"நல்லாத்தான் இருக்கு."

"நான் நாளைக்குப் போகல."

"போ. அது உன் குரலுக்குக் குடுத்த வேலையா, என் தோளுக்குக் குடுத்த வேலையான்னு நான் போய்க் கேட்டுட்டு வரேன். அதுக்கு முன்னாடி நீ ஏன் விடணும்?"

அன்று சோற்றைப் போட்டு மூடி வைத்தது மூடியபடியே இருந்தது.

காலையில் ஒட்டகத்தம்மாவே சட்டை மாட்டிவிட்டாள். பழைய சட்டை. நீலச்சட்டையைத் தரையைத் துடைக்க எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். இடது கையில் கொக்கியோடு அவர் முன்னால் நடந்தார், அவள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தாள். கிடங்குத் தெருவில் பருப்பு லாரிகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நின்றன. நனைந்த சாக்கு வாடை. தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரை ஒருவன் கம்பால் தள்ளிவிட, அது சளாரென்று விழுந்தது.

கொட்டகையின் நெற்றி வெளுத்துப் போயிருந்தது. சிவப்பு எழுத்து இருந்த இடத்தில் புதுப் பலகை, நீளமாக ஏதோ ஒரு பேர், நிற்காமல் படிக்க முடியாது. உள்ளே ஆணிப் பலகையும் புதிது. வார்னிஷ் வாடை அடித்தது. அதில் எல்லோருடைய கொக்கிகளும் வரிசையாக இருந்தன. முன்பு ஆணி தோள் உயரத்தில் இருக்கும். இது தலைக்கு மேலே.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

"என்னடா நெட்ட, நேத்து கழுத்து திரும்பலையா?"

நெட்டையன் தரையைப் பார்த்தான். "எந்த மூஞ்சிய வெச்சுட்டு வருவேன்? பங்கு போடறப்ப உங்க பேர் சொன்னேன். கொக்கி எறங்கிருச்சேன்னு செயலாளர் சொன்னாரு. அண்ணி கையால எறங்குனதை எல்லாரும் பாத்தோம். என்ன சொல்லச் சொல்றீங்க?"

"எறக்கறப்ப ஒருத்தன் 'அண்ணி, நில்லுங்க'ன்னு சொல்லிருக்கலாம்."

"சொல்லிருக்கலாம்," என்றான் சர்க்கரை. "சட்டை குடுத்தாங்க. மழைக்கோட்டும் தர்றேன்னாங்க. பேரு தானே, எந்தப் பேர்ல தூக்குனா என்ன, மூட்டை அதேதானேன்னு தோணுச்சு. எங்க கொக்கியை நாங்களே எறக்கி நாங்களே மாட்டிட்டோம். அப்புறந்தான் சொன்னாரு, புதுப் பலகையில படுத்தவனுக்குப் பங்கு கிடையாதாம். நாளைக்கு நான் விழுந்தாலும் இதே கதிதான்."

"தெரிஞ்சும் மாட்டுனியா?"

"மாட்டுனதுக்கு அப்புறம் தெரிஞ்சுதுண்ணே."

உள்ளறையிலிருந்து பேனா வந்தான். "மாமா, இந்த மழையில எதுக்கு வந்தீங்க? சொல்லி அனுப்பிருந்தா நானே…"

"நேத்து வந்தியே. முட்டையோட."

பேனா சுற்றிப் பார்த்தான். "உள்ள வாங்க, பேசலாம்."

"இங்கயே பேசு. எறக்குனது எல்லார் முன்னாடியும்தானே?"

"மாமா, நான் உங்களுக்குக் கெட்டதா செய்வேன்? முதலாளி முடிவு பண்ணிட்டாரு. ஒத்துக்கலைன்னா வெளியூர் ஆளுங்களைக் கொண்டுவந்துருவேன்னாரு. இத்தனை குடும்பம். சரி, எழுத்துதானே, குடுத்துடுவோம்னேன். பதிலுக்கு சட்டை, கோட்டு, கக்கூசு எல்லாம் கேட்டு வாங்கிருக்கேன். பாப்பாவுக்கு ஒரு வேலையும் வாங்கினேன். அது யாருக்காக? என் பிள்ளைக்கா கேட்டேன்? உங்க பொண்ணுக்குத்தானே கேட்டேன்?"

"அப்ப குரலுக்குக் குடுத்தது இல்ல."

"குரலும் நல்லாத்தான்…"

"அந்தப் பிள்ளைகிட்ட போய் இதை நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்." அவர் மூச்சு வாங்கினார். "எழுத்தைக் குடு. பேரைக் குடு. நான் வந்து நின்னு 'ஏண்டா'ன்னு கேட்டிருப்பேன், அவ்வளவுதான். படுத்தவன் பங்கை ஏன் குடுத்த?"

"அதைக் குடுக்கலைன்னா மத்ததை முதலாளி தரல."

"படுத்துக் கிடந்தது நான் ஒருத்தன்தான். தெரியுமில்ல?"

பேனா, "சொன்னா நீங்க விடமாட்டீங்கன்னு தெரியும்" என்றான்.

"அதனால உங்க அக்கா தம்பி பாசத்தை வெச்சு எறக்கிட்ட."

ஒட்டகத்தம்மா வாசல் தூணில் சாய்ந்து நின்றிருந்தாள். அவள் அழவில்லை. "டேய்," என்றாள் தம்பியைப் பார்த்து, "உனக்கு ரத்தம் வந்தப்ப சட்டியை இந்தக் கையில ஏந்துனேன்டா. அந்தக் கையையா கேட்ட?"

பேனா பலகையின் கடைசியைக் காட்டினான். அங்கே ஓர் ஆணி காலியாக இருந்தது. "இடம் வெச்சிருக்கேன் மாமா. இப்ப மாட்டுங்க. மாட்டிட்டா புதுக் கணக்குல நீங்களும் ஆளு. நான் முதலாளிகிட்ட பேசிக்கறேன்."

ஒட்டகம் அந்த ஆணியைப் பார்த்தார். புதிதாக வந்தவன் எல்லாம் வரிசையில் கடைசியில்தான் மாட்ட வேண்டும், அதுவும் வழக்கம்தான். கொக்கியை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினார். விரல்கள் பிடியைச் சுற்றி மூடிக்கொண்டன, அந்தப் பள்ளம் அவற்றுக்குத் தெரிந்த இடம். கையை உயர்த்தினார். இடுப்பு வரை வந்தது. மார்பு வரை வந்தது. அங்கே தோள் நின்றுவிட்டது. பல்லைக் கடித்து இன்னும் கொஞ்சம் தள்ளினார், நெற்றியில் வியர்வை முளைத்தது, கொக்கியின் நுனி ஆணிக்குக் கீழே ஒரு முழத்தில் நடுங்கியது. வெளியே ஒரு லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான்.

"அண்ணே, நான் தூக்கிப் புடிக்கறேன்," என்று நெட்டையன் முன்னால் வந்தான்.

"தள்ளு. உன் கை பட்டா அது உன் கொக்கி."

கை தானாக இறங்கியது. அவர் பேனாவின் உள்ளறைக்குள் போனார். மேசை, நாற்காலி, சுவரில் ரேடியோ. அதில் மகள் மழை நிலவரம் வாசித்துக்கொண்டிருந்தாள். நிதானமாக வாசித்தாள். முடிவில் அந்த வரி வர வேண்டிய இடம் வந்தது. ஒரு நொடி ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, "நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது பி.எல்.எஸ்." என்று மட்டும் சொன்னாள். அடுத்து மெத்தைக் கடை வந்தது.

ஒட்டகம் கொக்கியைப் பேனாவின் நாற்காலிக் கையில் மாட்டினார். அந்த உயரம் அவர் கைக்கு எட்டியது.

"மாமா, என்ன இது?"

"நான் படுத்திருக்கேன். என் மூட்டை வெளிய லாரியில இருக்கு. நீ தூக்கு."

"நானா?" பேனா சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "என் நெஞ்சுக்கு… உங்களுக்குத் தெரியாதா? வேணும்னா மாசாமாசம் ஏதாவது நான் கையில இருந்து…"

"கையில இருந்து வேணாம். நான் உனக்குக் கையில இருந்தா குடுத்தேன்? முதுகுல இருந்து குடுத்தேன். அதே இடத்துலேருந்து குடு."

வெளியே வந்தார். சுமைக்காரர்கள் விலகி வழிவிட்டார்கள். ஒருவனும் தன் கொக்கியைப் பலகையிலிருந்து எடுக்கவில்லை, ஒருவனும் லாரிக்கும் போகவில்லை. ஹாரன் நின்றபாடில்லை. கடைசியில் சர்க்கரைதான் முதலில் நகர்ந்து தன் கொக்கியை எடுத்தான், மற்றவர்களும் ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு லாரிப் பலகையில் ஏறினார்கள். லாரியை நிற்க வைக்க முடியாது, மழை வேறு.

ஒட்டகத்தம்மா அன்று கூட்டப் போகவில்லை. அவர் கூடவே நடந்தாள். தெருமுனையில் சாக்கை எடுத்து அவர் வலது தோளில் போர்த்தினாள்.

கொக்கி பேனாவின் நாற்காலியில் இன்னும் தொங்குகிறது என்று நெட்டையன் வந்து சொல்வான். பேனா அதை இறக்கவும் இல்லை, அந்த நாற்காலியில் உட்காரவும் இல்லையாம். ஸ்டூல் போட்டு உட்கார்கிறானாம். மழைக்காலம் முடிந்துவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, மூட்டையை மறந்துவிடச் சொன்னார். மகள் வானொலியை விட்டு மறுபடி செல்போன் கடைக்குப் போகிறாள். ஊரில் யார் கேட்டாலும் ஒட்டகம் சொல்வது ஒன்றுதான்: எழுத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். என் மச்சினன் எனக்கு ஒரு மழைக்காலத்து மூட்டை பாக்கி.